அரை மாரத்தானில் பதினாறாவது கிலோமீட்டரில் கால் நின்றுபோவது மன உறுதிக் குறைவா?

வாரம் நான்கு நாள் பத்துப் பத்துக் கிலோமீட்டர் ஓடியும், 21 கிலோமீட்டர் தூரமுள்ள அரை மாரத்தானில் பதினாறாவது கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டியதாயிற்று, இதற்கு மன உறுதிக் குறைவுதான் காரணமா, அடுத்த ஓட்டத்துக்குப் பெயர் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுடைய நான்கு நாள் ஓட்டமும் ஒரே வேகத்தில், முடிந்ததும் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கும் வேகத்தில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான் ஓடினேன். "மனசு வைக்கலை, அதான்" என்று என்னிடமும் பலர் சொன்னார்கள். அதை நம்பி ஓராண்டை வீணாக்கியவள் என்பதால் இந்தக் கேள்வியைக் கடந்துபோக முடியவில்லை.

செங்கோட்டைக்குப் பக்கத்தில் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன், வயது 47. விடியற்காலை ஐந்து மணிக்குப் புளியரைச் சாலையில், வயல்களை ஒட்டி ஓடுவது வழக்கம். ஆனி, ஆடி மாதங்களில் மலைப்பக்கமிருந்து சாரல் அடிக்கும். கைக்கடிகாரத்தின் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துத்தான் நேரம் பார்க்க முடியும். அந்தக் குளிர்ச்சியில் கிலோமீட்டருக்கு ஆறு நிமிடம் என்ற வேகம் எனக்குப் பழகிவிட்டது. அதே வேகத்தை நம்பிக் கேரளக் கடற்கரை நகரம் ஒன்றில் என் முதல் அரை மாரத்தானை ஓடினேன். ஐந்து கிலோமீட்டரை 30 நிமிடத்திலும் பத்தை 61 நிமிடத்திலும் கடந்தேன். பதினைந்தைத் தொடும்போது ஒரு மணி 38 நிமிடம் ஆகியிருந்தது. அதற்குள் சட்டை முழுதும் நனைந்து, நெற்றியோரம் உப்புப் பூத்து, தொடை இரண்டும் அடித்துப்போட்டது போலக் கனத்துவிட்டன. மிச்சமிருந்த ஆறு கிலோமீட்டரையும் சாலையோரமாக நடந்தேன். முடிக்கும்போது இரண்டு மணி 47 நிமிடம். அப்போது என் மனத்தில் உறுதிக்குக் குறைவே இல்லை. ஓட வேண்டும் என்ற எண்ணம் முழுதாக இருந்தது, கால்தான் எழும்பவில்லை.

என் தவற்றைக் காட்டிக்கொடுத்தவர் ஆரியங்காவில் வசிக்கும், விளையாட்டு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு மலையாளிப் பெரியவர். கோட்டைவாசல் ஏற்றத்தைத் தாண்டி அவர் ஊருக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் முதல் பேருந்தில் போய், அவருடன் ஓடத் தொடங்கினேன். முதல் நாளே, "டீச்சரே, பதிமூணாம் வாய்ப்பாடு சொல்லிக்கிட்டே ஓடுங்க. மூச்சு முட்டுச்சுன்னா வேகத்தைக் குறைக்கணும்" என்றார். பதிமூன்று நான்கு ஐம்பத்திரண்டுக்கு மேல் எனக்கு வரவில்லை. குறைத்துக் குறைத்து, கிலோமீட்டருக்கு எட்டரை நிமிடம் என்ற அளவுக்கு வந்த பிறகுதான் வாய்ப்பாடு தடங்கலின்றி வந்தது. "இது நடக்குற மாதிரியில்ல இருக்கு, மாஷே?" என்று கேட்டேன். "மூணு மாசம் இப்படியே நடங்க. அப்புறம் பேசலாம்" என்றார்.

ஆரம்பத்தில் அழுகை வரும் அளவுக்கு அவமானமாக இருந்தது. பால் கேன் கட்டிய சைக்கிள்காரர்கூட என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போவார். மன உறுதி என்று ஒன்று தேவைப்பட்டது அந்த மூன்று மாதங்களில்தான். வேகமாக ஓடக் கால் துடிக்கும்போது அதைப் பிடித்து நிறுத்துவதற்கு.

மெதுவான ஓட்டத்தில் உடம்புக்குள் நடப்பதை நீங்கள் தெரிந்துகொண்டால் அந்த அவமானம் குறையும். தசைகளுக்குள் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் கூடுகின்றன. இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் இரத்தத்தின் அளவு ஏறுகிறது. கொழுப்பை எரித்து ஓடும் பழக்கம் வருவதால், தசையில் கிளைக்கோஜனாகச் சேர்ந்திருக்கும் மாவுச்சத்து சீக்கிரம் தீர்ந்துபோவதில்லை. மூச்சு முட்டும் வேகத்தில் ஓடினால் அந்த இருப்பு மளமளவென்று கரைகிறது. கடலோரப் புழுக்கம் அதனுடன் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசமாகும்: வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடுவதால் உடம்பு குளிர்வதில்லை, சூட்டைத் தணிக்கத் தோலுக்கும் இரத்தம் போயாக வேண்டியிருப்பதால், அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்கிறது. சாரலில் எனக்குச் சுலபமாக இருந்த ஆறு நிமிடம் கடற்கரையில் என்னைப் படுத்தியெடுத்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இது சோம்பேறிகளின் வழி என்று யாராவது சொன்னால், நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்டைப் பற்றிச் சொல்லுங்கள். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவரிடம் பயின்ற பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும் முர்ரே ஹால்பர்க் 5,000 மீட்டரிலும் ஒரே நாளில் தங்கம் வென்றார்கள். இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும் 800 மீட்டருக்குக்கூட அவர், வாரத்துக்கு 160 கிலோமீட்டர் அளவில், மூச்சுக்கு அடங்கிய நெடுந்தூர ஓட்டத்தைத்தான் அடித்தளமாகப் போட்டார். அவர்களுடைய நிதான வேகம் நமக்கு எட்டாத வேகம் என்பது உண்மைதான். ஆனால் தன் மூச்சுக்குள் அடங்கி ஓட வேண்டும் என்ற முறை அவர்களுக்கும் நமக்கும் ஒன்றே.

வேகப் பயிற்சியே கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் நான்கு நாளில் மூன்று நாள் வாய்ப்பாட்டு வேகத்தில் ஓடுங்கள். அந்த மூன்றில் ஒன்றை நீண்ட ஓட்டமாக வைத்து, பத்திலிருந்து பதினெட்டு வரை சிறிது சிறிதாக ஏற்றுங்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை தூரத்தைக் குறையுங்கள். தசை பலப்படும் வேகத்தில் தசைநார் பலப்படுவதில்லை. அவசரப்பட்டால் குதிகாலுக்கு மேல் வலி தொடங்கிவிடும். நான்காவது நாள் மட்டும் வேகம். நெஞ்சில் இறுக்கமோ தலைச்சுற்றலோ இருந்தால் இதையெல்லாம் விட்டுவிட்டு முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

பதினான்கு மாதம் கழித்து அதே நகரத்தில் மறுபடி ஓடினேன். முதல் ஐந்து கிலோமீட்டரை வேண்டுமென்றே முப்பத்தேழரை நிமிடத்தில் கடந்தேன். ஏறக்குறைய எல்லோரும் என்னை முந்திப் போனார்கள். ஓரடிகூட நடக்காமல் இரண்டு மணி 36 நிமிடத்தில் முடித்தேன். பதினொரு நிமிடம்தானா என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். எனக்கு அது பெரிய நிமிடம்.

அன்றும் மனத்தை உறுத்திய ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பதினாறாவது கிலோமீட்டர்த் தண்ணீர்ப் பந்தலுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மேசையை மடித்துக்கொண்டிருந்தார்கள். தரையில் நசுங்கிய காகிதக் குவளைகளும் காலிக் கேனும்தான் கிடந்தன. அறிவித்த கால வரம்புக்கு இன்னும் நேரம் இருந்தது. எனக்குப் பின்னாலும் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். முதலில் வருபவர் கட்டிய அதே கட்டணத்தைத்தான் நாங்களும் கட்டியிருந்தோம். அவர்களைவிட அதிக நேரம் வெயிலில் நிற்பவர்களும் நாங்கள்தான். ஆகவே கையில் அரை லிட்டர்க் குப்பியோடு ஓடுங்கள். தாகத்துக்குக் குடியுங்கள், பயந்துகொண்டு வெறுந்தண்ணீராக அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் இறங்கி அதுவும் ஆபத்தாகிவிடும்.

பெயர் கொடுக்கலாமா என்றால், தாராளமாகக் கொடுங்கள். பன்னிரண்டு வாரமாவது தள்ளியிருக்கும் ஓட்டமாகப் பாருங்கள். நீங்களும் எங்களைப் போல மலையடிவாரத்தில் இருந்துகொண்டு கடலோரத்தில் ஓடப் போகிறவர் என்றால், வெப்பத்துக்கு உடம்பு பழகப் பத்திலிருந்து பதினான்கு நாள் வேண்டும். இரண்டாம் முறை போவதற்கு முன் கடைசி இரண்டு வாரமும் நான் விடியற்காலை ஓட்டத்தை விட்டுவிட்டு, பள்ளி விட்டதும் நாலரை மணி வெயிலில் ஓடினேன்.