தனிமைப் பாட்டு புலம்பலாகிறது என்று கேட்டவருக்கு

குறும்படத்துக்கு எழுதும் பாட்டில் தனிமை வரவில்லை, வெறும் புலம்பல்தான் வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் போட்ட இரண்டு சரணத்தையும் படித்தேன். கண்ணீர், இருள், வெறுமை, மறுபடி கண்ணீர். படத்தில் வருபவர் ஓய்வுபெற்ற தபால்காரர் என்கிறீர்கள், பாட்டில் அவர் வீடு, தெரு எதுவுமே காணோமே?

பீட்டில்ஸ் என்ற ஆங்கில இசைக்குழு 1966-ல் வெளியிட்ட 'எலினார் ரிக்பி' என்ற பாட்டை, வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு ஒருமுறை கேளுங்கள். கல்யாணம் முடிந்த தேவாலயத்தில் ஒரு பெண் அரிசியைப் பொறுக்குகிறாள் (மணமக்கள்மேல் அரிசி தூவுவது அங்கேயும் உண்டு, நம் அட்சதை மாதிரி), ஒரு பாதிரியார் யாரும் கேட்கப்போகாத பிரசங்கத்தை எழுதுகிறார், ராத்திரியில் உட்கார்ந்து கிழிந்த காலுறையைத் தைக்கிறார், அவ்வளவுதான். இருவரும் அழுவதாக ஒரு வரி கிடையாது. பல்லவியில் தனிமை பற்றிய பேச்சு வருகிறது, ஆனால் அது வெளியே நின்று பார்ப்பவர் கேட்கும் கேள்வி. கடைசிச் சரணத்தில் அவள் சாகிறாள், அவர் அடக்கம் செய்கிறார், வேறு யாரும் வரவில்லை. இருவரும் ஒரே சரணத்தில் வருவதே அப்போதுதான்.

இசையிலும் கிதார், டிரம்ஸ் இல்லை. வயலின் மாதிரி வில்லால் வாசிக்கும் எட்டுத் தந்திக் கருவிகள் மட்டும், அதுவும் குழையாமல் வெடுக் வெடுக்கென்று. உங்கள் இசையமைப்பாளர் சோகப் புல்லாங்குழலைக் கொண்டுவந்தால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள்.

சரி, முதல் சரணத்தில் 'நான்' எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, மத்தியானம் மூன்று மணிக்கு உங்கள் தபால்காரர் என்ன செய்கிறார் என்று எழுதுங்கள். பக்கத்து வீட்டுக்கு வந்த கூரியரை வாங்கி வைத்துக்கொள்கிறாரா, கொடுக்கும் சாக்கில் இரண்டு வார்த்தை பேசலாமென்று? இரண்டாவது சரணத்தை அப்படியே தூக்கிவிடலாம்.