செம்பருத்தி ஏன் சிவப்புத் திட்டா வருது?

கேள்வி: கும்பகோணம் பக்கத்துல எங்க கிராமம். கொல்லைல என் மாமியார் முப்பது வருஷமா வளர்க்குற பூச்செடிங்க இருக்கு, செம்பருத்தி, நந்தியாவட்டை, சங்குப்பூ, பவளமல்லி எல்லாமே. போன்ல போட்டோ எடுத்துப் பழகுறேன். செம்பருத்தி மட்டும் எப்படி எடுத்தாலும் பெயின்ட்டைக் கொட்டின மாதிரி வருது, கிட்ட போனா மங்கிடுது. பையன் அறுபதாயிரத்துல கேமரா வாங்கித் தரேங்கிறான். இன்னொரு தொல்லை, அத்தை விடியறதுக்குள்ள எல்லாத்தையும் பூஜைக்குப் பறிச்சிடுவாங்க, எட்டாத கிளைல இருக்கறது தான் எனக்கு, அதுவும் வேலை முடிஞ்சு பதினோரு மணிக்கு. கேமரா வாங்கலாமா?
- ஒரு வாசகி

பதில்: அக்கா, காசு அப்படியே இருக்கட்டும்னு முதல்ல பையன்கிட்ட சொல்லிடுங்க. நீங்க அனுப்பின நாலு போட்டோவையும் பெருசு பண்ணிப் பார்த்தேன். நாலுலயும் லேசா ஒரு மூட்டம் தெரியுது, நீங்க பனின்னு நினைச்சிருப்பீங்க, அது அடுப்படி எண்ணெய்க் கை பட்ட லென்ஸ். பழைய காட்டன் துணியால துடைங்க, பாதி அங்கயே சரியாயிடும்.

இப்ப அந்தச் சிவப்பு. போன் கேமரா சென்சார்ல, அதாவது வெளிச்சத்தை வாங்கிப் படமாக்குற சில்லுல, கோடிக்கு மேல குட்டிப் புள்ளிங்க, ஒவ்வொண்ணு மேலயும் ஒரு கலர் ஃபில்டர், நாலு புள்ளிக்கு ரெண்டு பச்சை ஒரு சிவப்பு ஒரு நீலம்னு கணக்கு. கோடாக் கேமரா கம்பெனில இருந்த பிரைஸ் பேயர் 1976ல பேட்டன்ட் வாங்கின ஏற்பாடு இது, இன்னிக்கும் பெரும்பாலான கேமரா இதுல தான் ஓடுது. செம்பருத்தின்னு வந்தா சிவப்புப் புள்ளி மட்டும் ரொம்பி வழியுது, பச்சையும் நீலமும் காலியாக் கிடக்கு, ஆனா போன் மொத்தப் படத்தையும் பார்த்துட்டு, சுத்தி இலையெல்லாம் கருகருன்னு இருக்கே வெளிச்சம் பத்தலயேன்னு இன்னும் கொஞ்சம் கூட்டி விடுது. சாதாரண போட்டோல ஒரு கலருக்கு உச்சம் 255, இதழ் பூரா அந்த 255ல போய் முட்டிக்கிச்சுன்னா நரம்பும் மடிப்பும் மேடும் பள்ளமும் எல்லாம் ஒரே நம்பர் ஆயிடும், அதான் பெயின்ட் மாதிரி தெரியுது. அறுபதாயிரம் ரூபா கேமராவும் ஆட்டோ மோடுல விட்டா இதையே தான் செய்யும்.

வைத்தியம் சின்னது. ஸ்க்ரீன்ல பூ மேல விரலை வச்சீங்கன்னா பக்கத்துல சின்னதா சூரியன் மாதிரி ஒண்ணு வரும், அதைக் கீழ இழுங்க. படம் இருட்டாயிடுச்சேன்னு தோணும், தோணட்டும், இதழ்ல நரம்பு எப்ப தெரிய ஆரம்பிக்குதோ அங்க நிறுத்திட்டு எடுங்க, இலையை அப்புறம் எடிட்ல தூக்கிக்கலாம். இருட்டுல இருந்து கொஞ்சம் மீட்கலாம், 255ல முட்டினதை மீட்கவே முடியாது. நந்தியாவட்டைக்கும் இதே கதை தான், அங்க மூணு கலரும் சேர்ந்து வழியுது.

கிட்ட போனா மங்கறது ஏன்னா, ஒவ்வொரு லென்ஸுக்கும் இவ்ளோ கிட்ட தான் வரலாம்னு ஒரு எல்லை இருக்கு. மூணு விரல் தூரத்துக்குப் போனா மெயின் கேமராவால ஃபோகஸ் பண்ண முடியாது. மேக்ரோ, அதாவது ரொம்பக் கிட்ட போய் எடுக்கற வசதி, இருக்கற சில போன்ல சத்தமில்லாம வைட் கேமராவுக்கு மாறிடும், அப்போ போனோட நிழலே பூ மேல விழும், உங்க மூணாவது படத்துல ஓரமா கறுப்பா தெரியுதே, அது தான். ஒரு அடி பின்னாடி வந்து 2எக்ஸ் ஜூம் போட்டு எடுங்க. பையன் சொல்ற கேமராவோட வர்ற 18-55ங்கற சாதாரண லென்ஸும் கால் மீட்டருக்குக் கிட்ட போகாது, நிஜ மேக்ரோ லென்ஸுக்குத் தனியா இன்னொரு தொகை எடுத்து வைக்கணும், இதை அவன் சொல்லியிருக்க மாட்டான்.

பின்னாடி இருக்கறதை மங்கலாக்குற போர்ட்ரெய்ட் மோடு வேண்டாம். செம்பருத்தி நடுவுல நீட்டிட்டு இருக்குமே ஒரு தண்டு, அதைப் பின்னணின்னு நினைச்சு போன் பாதில அழிச்சிடும். பூவோட அழகே அங்க தான் இருக்குன்னு நான் சொல்வேன், தண்டு பூரா மஞ்சப் பொடி, நுனில வெல்வெட் மாதிரி அஞ்சு சிவப்பு உருண்டை, சைடுல இருந்து வெளிச்சம் விழும்போது பாருங்க. பின்னாடி பிளாஸ்டிக் வாளி தெரியுதா, ஒரு கறுப்புக் குடையை விரிச்சு ரெண்டடி தள்ளிப் பிடிக்கச் சொல்லுங்க, ஸ்டுடியோ மாதிரி வரும். காத்துல கிளை ஆடினா ஒரு குச்சியை நட்டு துணி க்ளிப்பால மெதுவாப் பிடிச்சு விடுங்க. பதினோரு மணி வெயில்ல தான் எடுக்க முடியும்னா வெள்ளை வேட்டியை ரெண்டு பேர் பந்தல் மாதிரி பிடிச்சா போதும், வெயில் பால் மாதிரி இறங்கும்.

ஆனா உங்களுக்கு நிஜப் பிரச்சனை அத்தை தான், இல்லையா. உங்க ஊர்ல வருஷம் பூரா அஞ்சே முக்கால்ல இருந்து ஆறே முக்காலுக்குள்ள சூரியன் வந்துடுது, அதுக்கப்புறம் ஒரு மணி நேரம் தான் நல்ல வெளிச்சம், காத்தும் பெருசா இருக்காது. கிழக்குப் பக்கக் கிளைல ஒரே ஒரு பூவை ஏழு மணி வரைக்கும் விட்டு வைங்கன்னு கேட்டுப் பாருங்க. முப்பது வருஷம் தண்ணி ஊத்தினவங்க அவங்க, சட்டுன்னு கேட்டா கோவம் வரலாம், அதனால முதல் நாள் அவங்க பறிக்கறதையே எடுங்க. பித்தளைக் குடலை, ஈரக் கை, அப்ப தான் விரிய ஆரம்பிச்ச மொட்டு, இதெல்லாம் வாசல் லைட்லயே வரும், கையை ஆட்டாம பிடிச்சா சரி. பெரிய ஸ்க்ரீன்ல போட்டுக் காட்டுங்க. எங்கம்மாகிட்ட இப்படித் தான் காரியம் சாதிச்சேன், இப்ப அவங்களே "டேய், சங்குப்பூ பூத்திருக்கு, வா"ன்னு எழுப்புறாங்க, ஞாயித்துக்கிழமை கூட விடறதில்ல.

பவளமல்லிக்கு இந்தப் பேச்சுவார்த்தையே தேவையில்ல. ராத்திரி பூத்து விடியறப்போ தானா கொட்டிடும், கீழ விழுந்தாலும் சாமிக்கு ஆகும்னு எடுத்துக்கற பூ அது. பெருக்கறதுக்கு முன்னாடி போய் மண்ணுல முட்டி போட்டு உக்காருங்க, பாதி பூ கவுந்து கிடக்கும், ஆரஞ்சுக் காம்பு மேல நிக்கும், மேல இருந்து எடுக்காம தரையோட தரையா போனை வைங்க.

செம்பருத்தியைப் பறிச்சாலும் தண்ணி இல்லாமலே சாயங்காலம் வரைக்கும் விரிஞ்சு தான் இருக்கும், அதனால குடலைல இருந்து ஒண்ணைக் கடன் வாங்கி ஜன்னல் ஓரத்துல வச்சும் எடுக்கலாம். பூஜைக்கு முன்னாடி எடுக்கறதா இருந்தா மட்டும் மூக்கைக் கிட்ட கொண்டு போகாதீங்க, மோந்து பார்த்த பூன்னு அத்தை தூக்கிப் போட்டுட்டா பழி என் தலைல வரும்.