பன்னிரண்டாம் வகுப்புக்கு எதற்கு அங்கியும் தொப்பியும்?

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் பேரன் இந்த வருஷம் பள்ளிப் படிப்பை முடித்தான். அங்கி, தொப்பி, மேடை, சொற்பொழிவு என்று பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழா போலவே நடத்தினார்கள். பள்ளிக்கூடம் முடித்ததற்கே இவ்வளவு அமர்க்களமா? நூறு வருஷத்துக்கு முன்பும் அங்கே சின்ன ஊர்களில் இப்படித்தானா?

பதில்: அப்போது அமர்க்களம் இன்னும் ஒரு படி அதிகம், அங்கியும் தொப்பியும்தான் பல ஊர்களில் கிடையாது. காரணம் எளிது. 1900இல் அந்த நாட்டில் பதினேழு வயதுக்காரர்கள் 100 பேரை எடுத்தால், உயர்நிலைப் பள்ளியை முடித்தவர்கள் ஆறேழு பேர். 1920இலும் 17 பேரைத் தாண்டவில்லை. மற்றவர்கள் எட்டாம் வகுப்போடோ அதற்கு முன்பே கூடவோ வயலுக்கும் மில்லுக்கும் கடைக்கும் போய்விட்டார்கள். ஆகவே, ஒரு சின்ன ஊரில் அந்த வருஷம் முடித்தவர்கள் ஐந்தாறு பேர் என்றால் அந்த ஐந்தாறு பேருக்காக ஊரே திரண்டு வரும்.

விழா பெரும்பாலும் சர்ச்சிலோ ஊரின் ‘ஆப்பரா ஹவுஸ்’ என்ற கூடத்திலோ நடக்கும். (பேர்தான் பெரிய பேர். ஊர் ஊராகப் போகும் நாடகக் கம்பெனிகளும் அரசியல் கூட்டங்களும்தான் அங்கே அதிகம்.) மேடைக்கு மேலே வகுப்பின் குறிக்கோள் வாசகம், பெரும்பாலும் லத்தீனில், பெரிய எழுத்தில் தொங்கும். அன்று உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப் பேர் லத்தீன் படித்தார்கள் என்பதால் அதில் அதிசயம் ஒன்றுமில்லை, ஆனால் கீழே உட்கார்ந்திருந்த விவசாய அப்பாக்களில் எத்தனை பேருக்குப் புரிந்திருக்கும் என்பது வேறு விஷயம். வகுப்பு சிறியதாக இருந்தால் ஒருவர் விடாமல் எல்லோரும் மனப்பாடம் செய்து வந்து பேச வேண்டும். பாதியில் மறந்துபோய் நிற்கிற பையனும், முன்வரிசையில் வாயைச் சத்தமில்லாமல் அசைத்து எடுத்துக்கொடுக்கிற டீச்சரும் இல்லாமல் அந்த விழாக்களை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. வகுப்புகள் பெரிதானதும் முதல் இரண்டு மாணவர்கள் மட்டும் பேசினால் போதும் என்று ஆனது. கூட்டத்தில் இருந்தவர்களுக்கு அது நல்ல செய்தியாகத்தான் இருந்திருக்கும்.

அங்கி பின்னால் வந்தது, அதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. பெண் பிள்ளைகள் வெள்ளை உடையில் மேடை ஏறுவது வழக்கம். அந்த உடையில் யார் வீட்டில் எத்தனை லேஸ் வைத்துத் தைத்தார்கள் என்று போட்டி வந்துவிட்டது. வசதியில்லாத வீட்டுப் பெண்கள் உடைக்குப் பயந்தே விழாவுக்கு வராமல் இருந்துவிடக் கூடாதே என்று சில பள்ளிகள் உடைக்கு இவ்வளவுதான் செலவு செய்யலாம் என்று வரம்பு வைத்தன, சில பள்ளிகள் தையல் வகுப்பில் நீங்களே தைத்துக்கொள்ளுங்கள் என்றன, இன்னும் சில பள்ளிகள் எல்லோருக்கும் ஒரே அங்கி என்று முடித்துவிட்டன. நம் ஊரில் பள்ளிச் சீருடைக்குச் சொல்லும் அதே நியாயம்தான்.

கேள்வி: அந்தக் காலத்தில் பெண் பிள்ளைகளை அவ்வளவு தூரம் படிக்க வைத்தார்களா?

பதில்: படித்து முடித்தவர்களில் பெண்கள்தான் அதிகம்! பையனுக்குப் பதினான்கு வயது ஆனால் வேலை காத்திருக்கும், சம்பளமும் வரும். பெண்ணுக்கு அப்படி வெளிவேலை அதிகம் இல்லை, ஆனால் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் கையில் இருந்தால் பல மாநிலங்களில் மாவட்டத் தேர்வு ஒன்றை எழுதி, ஓரறைப் பள்ளியில் டீச்சராகிவிடலாம். பதினெட்டு வயசு டீச்சர், பின்பெஞ்சில் பதினாறு வயசு மாணவன். சமாளித்தார்கள்.

கேள்வி: நம் பழைய மெட்ரிகுலேஷன் மாதிரி பொதுத் தேர்வு அங்கே இருந்ததா?

பதில்: இதுதான் பெரிய வித்தியாசம். அந்தக் காலத்தில் இங்கே மெட்ராஸ் பல்கலைக்கழகம் வைத்த தேர்வில் தேறினால்தான் மெட்ரிகுலேட். அங்கே, மாநிலத் தேர்வு வைத்த நியூயார்க் போன்ற விதிவிலக்கு தவிர, சான்றிதழ் கொடுத்தது அந்தந்தப் பள்ளிதான். அப்படியானால் தரத்தை எப்படி நம்புவது? 1871இலேயே மிச்சிகன் பல்கலைக்கழகம், தன் ஆட்கள் நேரில் போய்ப் பார்த்து ஒப்புக்கொண்ட பள்ளிகளின் மாணவர்களை நுழைவுத் தேர்வில்லாமல் சேர்க்க ஆரம்பித்தது. மற்ற பல்கலைக்கழகங்களும் அந்த வழியில் போயின. எனக்கென்னவோ, பிள்ளையைச் சோதிப்பதை விட்டுவிட்டுப் பள்ளியைச் சோதித்தது நல்ல யோசனையாகத்தான் படுகிறது.

கேள்வி: கறுப்பின மாணவர்களுக்கும் இதே விழா நடந்ததா?

பதில்: பள்ளி இருந்தால்தானே விழா. தெற்கு மாநிலங்களில் அவர்களுக்கு அரசு உயர்நிலைப் பள்ளி இருந்த ஊர்கள் அபூர்வம். ஜார்ஜியாவில் அகஸ்டா நகரில் இருந்த வேர் உயர்நிலைப் பள்ளியை 1897இல் மூடினார்கள். கறுப்பினக் குழந்தைகளின் தொடக்கப் பள்ளிக்குப் பணம் வேண்டுமாம். வெள்ளைக்காரப் பெண்களின் உயர்நிலைப் பள்ளிக்கு மட்டும் பணம் தொடர்ந்து போனது. பெற்றோர்கள் வழக்குப் போட்டார்கள், 1899இல் உச்ச நீதிமன்றம் பள்ளி வாரியத்தின் பக்கமே தீர்ப்புச் சொன்னது. மேலே சொன்ன அந்த ஆறேழு பேர் கணக்கில் இதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: அப்படிச் சின்ன ஊரில் முடித்துப் பெரிய ஆளானவர் யாராவது?

பதில்: இரண்டு ஜனாதிபதிகள் போதுமா? மிசௌரி மாநிலம் இன்டிபென்டன்ஸ் ஊரில் 1901இல் முடித்தவர் ஹாரி ட்ரூமன். விழா அன்று ஆங்கில டீச்சர் டில்லி பிரவுன், முதல் மாணவன் சார்லி ராஸைக் கன்னத்தில் முத்தமிட்டுப் பாராட்டினார். எனக்கு இல்லையா என்று ட்ரூமன் கேட்க, நீ உருப்படியாக ஏதாவது செய், அப்புறம் பார்க்கலாம் என்றாராம் டீச்சர். வீட்டில் பணம் போய்விட்டது, கண் பார்வையும் மோசம் என்பதால் ராணுவக் கல்லூரியும் இல்லை, ரயில்பாதைக் கட்டுமானத்தில் மாதம் 35 டாலருக்கு நேரக் கணக்கு எழுதும் வேலைக்குப் போனார். 1945இல் ஜனாதிபதியாகி, அதே சார்லி ராஸைப் பத்திரிகைச் செயலராக்கிய அன்று இருவரும் டீச்சருக்கு போன் போட்டார்கள். இப்போதாவது கிடைக்குமா என்று கேட்டார் ட்ரூமன். வந்து வாங்கிக்கொள் என்றார் டீச்சர்.

இன்னொருவர் ஐசனோவர். கான்சஸ் மாநிலம் அபிலீன் ஊரில் 1909இல், அண்ணன் எட்கரோடு ஒரே வகுப்பில் முடித்தார். இருவருக்கும் கல்லூரிக்குப் பணம் இல்லை. சரி, நீ முதலில் போ என்று அண்ணனை அனுப்பிவிட்டு, தம்பி பால்பண்ணையில் வேலை பார்த்துப் பணம் அனுப்பினார். அந்த வருஷப் பள்ளி மலரில் மாணவர்களின் எதிர்காலத்தை விளையாட்டாக எழுதியிருந்தார்கள். இரண்டு தடவை ஜனாதிபதியாக இருக்கப் போவது எட்கர், தம்பி யேல் பல்கலைக்கழகத்தில் சரித்திரப் பேராசிரியர் என்று. எட்கர் வக்கீல் ஆனார். இரண்டு தடவை என்பது மட்டும் சரியாக இருந்தது, ஆளைத்தான் மாற்றிப் போட்டுவிட்டார்கள்.