தொடையில் முறிவு, முழங்காலில் ஏன் கீறல்?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 68. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். குளியலறையில் வழுக்கி விழுந்ததில் வலது தொடை எலும்பு முழங்காலுக்குச் சற்று மேலே முறிந்துவிட்டது. முழங்கால் வழியாக ராடு செலுத்த வேண்டும் என்கிறார்கள். முறிந்தது தொடையில், நன்றாக இருக்கும் மூட்டை ஏன் திறக்க வேண்டும்? ‘இந்த வயதில் ஆபரேஷன் எதற்கு, புத்தூர் கட்டே போதும்’ என்கிறார் பெரியப்பா. ராடைப் பிறகு எடுக்க வேண்டுமா?
– வாசகி, மன்னார்குடி

பதில்: பெரியப்பாவுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கட்டுப் போட்டு எலும்பு கூடுவது உண்டு. விலகாத மணிக்கட்டு முறிவுக்கு நானும் மாவுக்கட்டுதான் போடுகிறேன். முழங்காலுக்கு மேலே கதை வேறு. கெண்டைக்கால் தசையின் மேல்முனை தொடை எலும்பின் அடிப்பகுதியில்தான் ஒட்டியிருக்கிறது. எலும்பு முறிந்ததும் அந்தத் தசை கீழ்த்துண்டைப் பின்பக்கமாகச் சாய்த்து இழுக்கும். தொடைத் தசைகள் காலைக் குட்டையாக்கும். வெளியே எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் உள்ளே இந்த இழுப்பு நிற்காது. துண்டு சாயும் அதே பின்பக்கத்தில்தான் காலுக்கு ரத்தம் கொண்டுசெல்லும் பெரிய தமனி ஓடுகிறது.

தவிர, கட்டுடன் மாதக்கணக்கில் படுத்தால் படுக்கைப்புண், சளிக்காய்ச்சல், கால் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி எல்லாம் வரிசையாக வரும். ‘இந்த வயதில் எதற்கு’ என்பதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: இந்த வயதில் படுக்க வைக்கக் கூடாது என்பதற்காகத்தான் ஆபரேஷன். மயக்க மருந்தைத் தாங்க முடியாத இதயம் என்றால் மட்டும் வேறு யோசனை. உடல்நிலை இடம்கொடுத்தால் ஓரிரு நாட்களுக்குள் செய்துகொள்வது நல்லது.

இனி, மூட்டை ஏன் திறக்கிறார்கள்? எலும்புக்குள் ராடு செலுத்தும் முறையை ஜெர்மனியின் கீல் நகரில் கெர்ஹார்ட் குன்ட்ஷர் 1939-இல் தொடங்கினார். அவர் இடுப்புப் பக்கத்திலிருந்து கீழ்நோக்கிச் செலுத்தினார். தொடையின் நடுவில் முறிந்தால் இன்றும் அது நல்ல வழி. உங்கள் அம்மாவுக்கு முறிந்த இடத்தில் எலும்பு புனல்போல விரிந்துவிடுகிறது. மேலிருந்து வரும் ராடின் நுனிக்கு அங்கே பிடிமானம் போதாது. கீழிருந்து ஏற்றினால் சிறிய துண்டை முதலில் நேராக்கிப் பிடித்துக்கொள்ளலாம். அதன் குறுக்கே பல திசைகளில் ஸ்குரூ போட்டுப் பூட்டலாம்.

‘திறப்பது’ என்றதும் மூட்டையே பிளப்பதாக நினைத்திருப்பீர்கள். முழங்காலைச் சற்று மடக்கி, சில்லுக்குக் கீழே சில சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு கீறல். சி-ஆர்ம் எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி, தொடை எலும்பின் இரு குமிழ்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் மெல்லிய கம்பியை ஏற்றுவார்கள். நிற்கும்போது முழங்காலுக்குக் கீழுள்ள எலும்போடு உரசிப் பாரம் தாங்கும் இடம் அதுவல்ல. அந்தக் கம்பியின் மேலாக வழியை அகலப்படுத்தி ராடைச் செலுத்துவார்கள். ராடின் கடைசி முனை குருத்தெலும்பின் மட்டத்துக்குக் கீழே அமிழ்ந்திருக்க வேண்டும். துருத்தி நின்றால் மடக்கும்போதெல்லாம் சில்லை உரசும். இது அறுவைச் சிகிச்சை நிபுணரின் கைத்திறனைப் பொறுத்தது.

முறிவு மூட்டுக்குள்ளேயே இறங்கிப் பல துண்டாக நொறுங்கியிருந்தால் ராடைவிடப் பக்கவாட்டுப் பிளேட் பொருத்தமாக இருக்கும். சிலருக்கு இரண்டையும் சேர்த்து வைக்கிறோம். சாதாரண எக்ஸ்ரேயில் மறையும் விரிசலை சி.டி. ஸ்கேன் காட்டிக்கொடுக்கும். எடுத்தார்களா என்று கேளுங்கள்.

மூட்டைப் பற்றிய உங்கள் பயத்தில் நியாயம் உண்டு. ஆனால், அதைக் கெடுப்பது கீறலைவிட அசையாமல் வைத்திருப்பதுதான். வலிக்கிறது என்று முழங்காலுக்கு அடியில் தலையணை வைப்பது நம் வீடுகளில் வழக்கம். அப்படியே நாட்கணக்கில் கிடந்தால் கால் நீட்ட வராமல் மடிந்தபடியே இறுகிவிடும். தலையணையைக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். பிசியோதெரபிஸ்ட் சொன்ன நாளிலிருந்து மடக்கி நீட்டும் பயிற்சியை விடக் கூடாது. வாக்கர் பிடித்து எழுந்து நிற்பது சில நாட்களிலேயே நடக்கும்; எவ்வளவு பாரம் ஊன்றலாம் என்பதை மட்டும் ஆபரேஷன் செய்தவரே சொல்ல வேண்டும். எலும்பு கூடுவதற்கு 3 முதல் 6 மாதம் ஆகலாம். சர்க்கரை கட்டுக்குள் இல்லையென்றால் இன்னும் தள்ளிப்போகும், புண்ணில் சீழும் வைக்கலாம். கெண்டைக்கால் திடீரென வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ மறுநாள்வரை காத்திருக்காதீர்கள்.

ராடு தொந்தரவு தராதவரை அப்படியே இருக்கட்டும். எடுப்பதற்கென்று இந்த வயதில் இன்னொரு ஆபரேஷன் வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்று: நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே தொடை எலும்பு முறிந்திருக்கிறது என்றால் அம்மாவின் எலும்பு ஏற்கெனவே மெலிந்திருக்கிறது. எலும்பு அடர்த்திப் பரிசோதனையும் வைட்டமின் டி அளவும் பார்க்கச் சொல்லுங்கள். வெறும் கால்சியம் மாத்திரையோடு விட்டால் அடுத்த முறை இடுப்பு முறியலாம். எலும்பு மெலிவதைத் தடுக்கும் மாத்திரையோ ஊசியோ தேவையா என்பதை வீடு திரும்பும் முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். குளியலறையில் கைப்பிடியும் மேல்நாட்டுக் கழிப்பறையும் அவர் வருவதற்குள் தயாராகட்டும்.