பதில்: '21 ஜம்ப் ஸ்ட்ரீட்' ஹாலிவுட் படம் பார்க்க, அதே பேர்ல வந்த பழைய டிவி தொடர் பார்த்திருக்கணுமா?

தேவையே இல்லைங்க. 1987-ல் தொடங்கிய அந்தத் தொடரில் ஜானி டெப் நடித்தார்னு மட்டும் தெரிஞ்சிருந்தா போதும், ஏன்னு கடைசியில புரியும்.

2012 படத்தோட உயிரே ஜோடிதான். மாணவர்களா வேஷம் போட்டுப் பள்ளிக்குள்ள போற ரெண்டு போலீஸா சானிங் டேட்டமும் ஜோனா ஹில்லும். ஒத்தத் தோள்ல பை மாட்டுறதுதான் கெத்துன்னு சானிங் டேட்டம் பாடம் எடுப்பார். உள்ளே போனா எல்லாரும் ரெண்டு தோள்லயும் மாட்டியிருப்பாங்க! அப்போ அவர் முகம் சுருங்குறதைப் பாருங்க. ஜோனா ஹில் சிரிக்க வைப்பார்னு தெரியும். டேட்டம்தான் எனக்கு ஆச்சரியம்.

பத்தாவது படிக்கிற தம்பியோட பார்க்கலாமான்னு கேட்டீங்களே, வேண்டாம். கெட்ட வார்த்தையும் போதைக் காட்சியும் நிறைய. முதல்ல நீங்க மட்டும் பாருங்க.