சம்ப்ல வழவழப்பு ஏன் போகல? லேப் அக்காகிட்ட பெங்களூர்க்காரங்க கேட்டது

ஒயிட்ஃபீல்டு: அக்கா, எங்க அபார்ட்மென்ட்ல டேங்கர் தண்ணிதான். மாசாமாசம் சம்ப்ல, அதான் தரைக்கடித் தண்ணித் தொட்டில, பிளீச்சிங் பவுடர் போடுறோம், பத்தே நாள்ல சுவரு திரும்ப வழவழன்னு ஆயிடுது. பவுடர் டூப்ளிகேட்டா?

பதில்: ஈரம்பட்ட பவுடர்னா வீரியம் போயிருக்கும், ஆனா உங்க கேஸ்ல வில்லன் பயோஃபிலிம்னுதான் தோணுது. தண்ணில சுத்துற பாக்டீரியா சுவத்துல ஒட்டினதும் சர்க்கரை, புரதம், டிஎன்ஏ எல்லாம் கலந்த ஒரு கோந்தைக் கக்கி அதுக்குள்ள குடித்தனம் ஆரம்பிச்சிடும், நீங்க போடுற குளோரின் அந்தக் கோந்தோட மல்லுக்கட்டியே தீந்துபோயிடும், உள்ள இருக்கிறது ஹாயா இருக்கும். மைக்ரோஸ்கோப்புல மொதமொதல்ல பாக்டீரியாவப் பாத்த லூவன்ஹூக் 1680கள்லயே பல்லழுக்குல இதைப் பாத்துட்டாரு, வினிகர்ல வாயக் கொப்பளிச்சா மேலாப்ல இருக்கிற கிருமிதான் செத்துச்சாம். அதனால மொதல்ல சம்பைக் காலி பண்ணி பிரஷ் போட்டு நல்லா தேய்ங்க, அழுக்குத் தண்ணிய வெளியேத்துங்க, அப்புறம்தான் குளோரின். ஆளை இறக்குறதுக்கு முன்னாடி மூடியத் திறந்து காத்தாட விடுங்க, வெளில ஒருத்தர் கண்டிப்பா நிக்கணும், இதுல அலட்சியம் வேணாம்.

அல்சூர்: பாத்ரூம் மூலைல ரோஸ் கலர்ல வழுக்குதுக்கா, போர் தண்ணி இரும்பா?

பதில்: இரும்புன்னா துருப்பிடிச்ச கலர்ல இருக்கும். ரோஸ்னா பெரும்பாலும் செராஷியா மாதிரி பாக்டீரியா, சோப்பு மிச்சம்தான் அதுக்கு சாப்பாடு. தேய்ச்சுட்டு காய விடுங்க, போதும்.

கே.ஆர்.புரம்: அம்மாவுக்கு யூரின் டியூப் போட்டிருக்கு, ஆன்டிபயாட்டிக் முடிச்ச கொஞ்ச நாள்லயே திரும்ப காய்ச்சல்.

பதில்: நான் டாக்டர் இல்லப்பா, இன்னிக்கே கூட்டிட்டுப் போங்க. டியூப் மேலயும் இந்த பயோஃபிலிம் படலம் கட்டும், அதுக்குள்ள சில கிருமி வளராம தூங்கிட்டு இருக்கும், நிறைய மருந்து வளர்ற கிருமியத்தான் அடிக்கும். டியூபையே மாத்தணுமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க.

சர்ஜாப்பூர் ரோடு: நான் புது செக்ரட்டரி. எங்க எஸ்டிபி (சாக்கடைத் தண்ணி சுத்திகரிக்கிற பிளான்ட்) டேங்க்ல மிதக்கிற குட்டிக் குட்டி பிளாஸ்டிக் சக்கரமெல்லாம் பழுப்பா கொழகொழன்னு இருக்கு, ஆசிட் போட்டுக் கழுவிடலாமா?

பதில்: ஐயையோ, கைய வைக்காதீங்க! சம்ப்ல தேய்க்கச் சொன்ன அதே சமாச்சாரம்தான், ஆனா இங்க அதுதான் வேலைக்காரன். அது ஒட்டி வளரணும்னுதான் அந்தச் சக்கரத்தையே போட்டிருக்காங்க, சாக்கடைத் தண்ணில இருக்கிற கழிவைத் தின்னு தீக்கிறது அந்தப் பழுப்புதான். ஆசிட் ஊத்துனீங்கன்னா திரும்ப வளர வாரக்கணக்காகும், அது வரைக்கும் அடிக்கிற நாத்தத்துக்கு வாட்ஸ்அப் குரூப்ல உங்க பேர்தான் நாறும். டேங்க்குக்குக் காத்து அடிக்கிற பிளோயர் நிக்காம ஓடுதான்னு மட்டும் பாருங்க.