வாசகர் கேள்வி: பால்மர நிழலில் வௌவால் பூ

கேள்வி: ஐயா, தீபாவளிக்கு முன்பு நாற்றுப்பண்ணையில் வாங்கிய வெள்ளை வௌவால் பூச்செடியை, வீட்டுக்குப் பின்னால் நிற்கும் இரண்டு பழைய பால்மரங்களின் (ரப்பர் மரங்களின்) அடியில் நட்டேன். தைப்பூசம் வரை செழிப்பாக இருந்தது. அதன் பிறகு இலைகளின் ஓரம் கருகத் தொடங்கியது. நிழலில்தான் நிற்கிறது, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றுகிறேன். ஓர் இலைக்காம்பைத் தொட்டபோது அது அடியோடு கையில் வந்துவிட்டது. கருமை கலந்த பூவை வீட்டில் வளர்க்கக் கூடாது என்று மாமியாரும் சொல்கிறார். செடியைக் காப்பாற்ற முடியுமா?
– வாசகி, சுங்கை சிப்புட், பேராக்

பதில்: தைப்பூசம் வரை நன்றாக இருந்தது என்று நீங்கள் எழுதியிருப்பதைத்தான் முதலில் கவனித்தேன், அம்மா. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், ஜனவரி முதல் மார்ச் வரையிலான வறண்ட நாள்களில் பால்மரம் இலையை உதிர்த்துவிட்டு வெறும் கிளைகளோடு நிற்கும். அந்தச் சில வாரங்களில் உங்கள் செடியின் தலைமேல் நிழலே இருந்திருக்காது. வங்காளதேசம் முதல் போர்னியோ வரையிலான ஈரக் காடுகளின் அடித்தளத்தில், பெருமரங்களுக்குக் கீழே வாழும் செடி அது. நண்பகல் வெயில் இரண்டு நாள் நேராக விழுந்தாலே அதன் அகன்ற இலைக்குத் தாங்காது. புதிய தளிர் வந்து மரம் மூடும்வரை கறுப்பு நிழல்வலையைக் கட்டிவையுங்கள், அல்லது ஆண்டு முழுவதும் இலை அடர்ந்திருக்கும் மங்குஸ்தீன் மரத்தடிக்குச் செடியை மாற்றுங்கள். நான் இரண்டாவதைத்தான் செய்வேன்.

காம்பு கையோடு வந்தது வெயிலால் அன்று, அது அழுகல். இலை வாடுவதைப் பார்த்து நீங்கள் தண்ணீரைக் கூட்டியிருப்பீர்கள், இறுகிய செம்மண்ணில் அது வடியாமல் கிழங்கைச் சுற்றியே நின்றிருக்கும். செடியைக் கிளப்பி, கொழகொழவென்று ஆன பகுதியைச் சுத்தமான கத்தியால் வெட்டி எறிந்துவிட்டு, வெட்டிய இடத்தில் அடுப்புச் சாம்பலைத் தடவி ஒரு நாள் நிழலில் உலரவிடுங்கள். பிறகு மக்கிய சருகு, சுட்ட உமி, கரடுமுரடான மணல் ஆகியவற்றைக் கலந்து, தரைமட்டத்துக்கு ஒரு சாண் மேலே எழுப்பிய மேட்டில், கிழங்கின் தலை வெளியே தெரியும்படி நடுங்கள். சருகுக்கு அலைய வேண்டாம்: உங்கள் பால்மரம் உதிர்த்ததையே குவித்து நனைத்துவைத்தால் சில மாதங்களில் கறுத்து மக்கிவிடும். விரலை நுழைத்துப் பார்த்து, மேல்மண் சற்று உலர்ந்த பிறகே தண்ணீர் விடுங்கள். பச்சைக் கோழி எருவைக் கிட்டவே கொண்டுவராதீர்கள்.

மாமியாரிடம் ஒன்று சொல்லிப் பாருங்கள். இன்றைய தாவரவியலார் இச்செடியை வள்ளிக்கிழங்கின் குடும்பத்தில்தான் சேர்த்திருக்கிறார்கள். பசிபிக் தீவுகளில் இதன் உறவுச்செடி ஒன்றின் கிழங்கை அலசிக் கசப்பெடுத்து மாவாக்கி உண்டிருக்கிறார்கள். பூத்த பிறகு அவரையே அருகில் அழைத்துச்சென்று காட்டுங்கள்: முயல்காதுபோல் நிமிர்ந்த இரண்டு வெள்ளை மடல்கள், அவற்றில் ஊதா நரம்புகள், கீழே ஒரு சாணுக்கு மேல் தொங்கும் மீசைகள், நடுவில் கருஞ்சிவப்பு மணிகளாய் உண்மையான பூக்கள்.

கேள்வி: என்னிடம் ஒரே செடிதான் இருக்கிறது. விதை பிடிக்குமா? காட்டிலிருந்து இன்னொன்று கொண்டுவரலாமா?
– வாசகர், தாப்பா

பதில்: பிடிக்கும். ஈக்களை இழுக்கத்தான் அந்தக் கரிய நிறமும் மீசையும் என்று நெடுநாள் எண்ணியிருந்தார்கள். ஆனால் இதன் கறுப்பு இனத்தைச் சீனாவின் யுன்னான் காடுகளில் ஆராய்ந்து 2005இல் வெளியிட்டவர்கள், பூச்சிகள் வருவதே அரிது, பெரும்பாலும் பூ தன் மகரந்தத்தாலேயே விதை கட்டுகிறது என்று கண்டார்கள். பழம் கனிந்ததும் சதையைக் கழுவி, விதையை உலரவிடாமல் உடனே விதையுங்கள். முளைக்கச் சில மாதங்கள்கூட ஆகலாம். அவசரமென்றால் மொட்டுள்ள கிழங்குத் துண்டைப் பிரித்து நடலாம். காட்டிலிருந்து எடுக்க வேண்டாம்: நிரந்தர வனக்காப்பகத்தில் உரிமமின்றிச் செடி எடுப்பது 1984ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டப்படி குற்றம். இளஞ்செடிகளை நத்தை ஓர் இரவில் தின்று தீர்த்துவிடும். மழை பெய்த இரவுகளில் டார்ச் விளக்கோடு ஒரு சுற்று போய்வாருங்கள்.